கச்சு முதல் கார்செட் பிளவுஸ் வரை: இடுப்பை இறுக்கும் ஆடைக்குப் பின்னால் இவ்வளவு கதையா?

அச்சன்புதூரில் உட்கார்ந்து போனில் ‘கார்செட் பிளவுஸ்’ என்று தேடினால் போதும், ரிசப்ஷன் புடவைக்கு மேட்சாக வரிசையாக டிசைன்கள் வந்து விழும். வெள்ளைக்காரப் பெண்கள் எப்போதோ கழற்றிப் போட்ட ஆடையாச்சே, மறுபடியும் ஏன் வந்தது?

கார்செட் என்றால் என்ன?

மார்பிலிருந்து இடுப்பு வரை உடலை இறுக்கிப் பிடிக்கும் ஆடை. துணிக்குள் விறைப்பான பட்டைகளை வைத்துத் தைத்து, கயிறு கோத்து இழுத்துக் கட்டுவார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அரசவைகளில் இதன் முன்னோடி ஆடைகள் வந்துவிட்டன. சில வகைத் திமிங்கிலங்களின் வாயில் இருக்கும் வளையும் தகடுதான் அப்போது பட்டை. 19-ஆம் நூற்றாண்டில் எஃகுப் பட்டைகள் வந்தன. கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் வந்த பிறகு, துணி கிழியாமல் இன்னும் இறுக்க முடிந்தது. 1914-ல் அமெரிக்காவின் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப், கைக்குட்டையும் ரிப்பனும் வைத்து உருவாக்கிய பிராவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கார்செட் மெல்ல ஓரம்போனது.

நம்ம ஊரில் என்ன இருந்தது?

கச்சு. மார்பைச் சுற்றிக் கட்டும் துணி. பட்டையும் கிடையாது, கம்பியும் கிடையாது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் வலப்பக்கம் நிற்கும் ஸ்ரீதேவிக்குக் கச்சு உண்டு, இடப்பக்கம் நிற்கும் பூதேவிக்கு இருக்காது. இருவரையும் அடையாளம் காண இதுவே ஒரு வழி.

ஆனால், மார்பை மறைப்பதே குற்றமாக இருந்த காலமும் உண்டு. அச்சன்புதூருக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்த பகுதி. அதே திருவிதாங்கூரின் தென்பகுதியில், நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் ‘மேல்சாதி’யினர் முன்பு மேலாடை அணியத் தடை இருந்தது. மீறியவர்களின் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் ‘குப்பாயம்’ என்ற சட்டை அணிந்தபோது கலவரங்கள் வெடித்தன. பல ஆண்டு தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ல் நாடார் பெண்கள் மேலாடை அணிய மன்னர் அனுமதித்தார். அப்போதும் ‘மேல்சாதிப் பெண்கள் பாணியில் அணியக் கூடாது’ என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

அங்கே இறுக்கச் சொன்னார்கள், இங்கே மறைக்காதே என்றார்கள். பெண் என்ன உடுத்த வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் ஊர்தான் முடிவு செய்தது.

இப்போ ஏன் ட்ரெண்ட்?

1987-ல் பிரிட்டிஷ் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட் கார்செட்டை வெளியே தெரியும் மேலாடையாக மேடையேற்றினார். 1990-ல் பாடகி மடோனா கூம்பு வடிவ கார்செட்டில் மேடையில் ஆடினார். ஒளித்து வைத்த உள்ளாடை, ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்று காட்டும் ஆடையானது. 2020-ல் வந்த ‘பிரிட்ஜர்டன்’ வெப் சீரிஸ் ஆசையை இன்னும் தூண்டியது. நம்ம ஊரில் கார்செட் பிளவுஸ் தனியாக பிரா இல்லாமலே நிற்கும். புடவை ஷேப்வேர் போட்டால் கொசுவம் உப்பாது.

உடம்புக்கு ஆகுமா?

ஒரு ஃபங்ஷனுக்கு அளவாகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை. நாள் முழுக்க இறுக்கினால் நெஞ்செரிச்சல், மூச்சு முட்டல், தொடை மரத்துப்போதல் வரலாம். இடுப்புக் கொழுப்பு இதனால் கரையாது. நாடாவை இறுக்கிக் கட்டும் சாதாரணப் பாவாடைக்கும் எச்சரிக்கை உண்டு. பல ஆண்டு உரசலால் இடுப்பில் ஆறாத புண் வந்து புற்றுநோயான இந்தியப் பெண்கள் இருவரைப் பற்றி 2024-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

எனவே வாங்கும்போது போட்டுப் பாருங்கள். உட்காருங்கள், மூச்சை நன்றாக இழுங்கள், வயிறு நிறையச் சாப்பிட முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.