ஒரே தாத்தா, இரண்டு இடங்கள்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே தேடல்தான். 2002, 2005 பட்டியல்களில் அப்பா பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தோம். படிவத்தைக் கொடுத்ததும் பெரும்பாலோர் அதை மறந்துவிட்டார்கள். அறந்தாங்கி வாசகி ஒருவர் மறக்கவில்லை. பழைய பட்டியலில் அப்பத்தாவின் பெயரைப் பார்த்ததும் அதற்கும் முந்தியவர்களைத் தேடும் ஆசை வந்துவிட்டதாம். ‘கிராம்ப்ஸ்’ என்ற இலவச மென்பொருளை இறக்கி, தெரிந்த உறவுகளையெல்லாம் ஏற்றிவிட்டு எழுதியிருக்கிறார்: “எங்கள் அப்பா தன் அக்காள் மகளைக் கட்டியவர். படம் போட்டுப் பார்த்தால் தாத்தா இரண்டு இடத்தில் வருகிறார். நான் ஏற்றியது தப்பா, கணினி தப்பா?”

இரண்டுமே தப்பில்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

முன்னோருக்கு எண் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மைக்கேல் ஐட்சிங்கர் 1590இல் அச்சிட்ட நூலில் அதைக் கையாண்டிருக்கிறார். இன்றைய மென்பொருள்கள் பலவற்றிலும் அதே எண்கள்தான். நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்றைக் கூட்டினால் அவருடைய அம்மா. ஆக அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7.

வாசகியின் வீட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அவருடைய அம்மாச்சி 7. அந்த அம்மாச்சிதான் அவருக்கு அத்தையும்கூட, அப்பாவின் அக்காள். 7இன் அப்பா 14. ஆனால் அத்தையின் அப்பா யார்? அப்பாவின் அப்பா, அதாவது 4. ஒரே மனிதர் 4ஆகவும் 14ஆகவும் இருக்கிறார். அப்பா வழியில் தாத்தா, அம்மா வழியில் பூட்டன். அவர் மனைவி 5, அவரே 15. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டிய வீட்டில் கணக்கு வேறு மாதிரி வரும். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டு இடங்கள் இருக்கும். அவற்றில் நிற்கிற ஆட்கள் ஆறு பேர்தான்.

வம்சத்தை மரமாக வரைந்து பழகியவர்களுக்கு இது பிழையாகத் தெரியும். புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. எங்கள் ஊரில் மேலக் கண்மாய் நிறைந்தால் ஒரு பங்கு தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போகும், ஒரு பங்கு கலிங்கில் வழியும். இரண்டும் வெவ்வேறு வழியாக ஓடிக் கடைசியில் கீழக் கண்மாயில் வந்து சேரும். சொந்தத்துக்குள் பெண் எடுத்துக் கொடுத்த குடும்பங்களின் வரைபடம் அப்படித்தான் இருக்கும். கிராம்ப்ஸ் போன்ற மென்பொருள்கள் பதிந்துகொள்வது இரண்டே செய்தி: யார் யாரைக் கட்டினார், யார் யாருக்குப் பிள்ளை. அந்த இரண்டும் சரியாக இருந்தால் ஒருவரை எத்தனை வழியாக அடைந்தாலும் அவற்றுக்குக் குழப்பமில்லை. இரண்டு தாத்தாவாக இரண்டு முறை ஏற்றிவிடாமல், ஒரே பதிவோடு இரண்டு பக்கத்தையும் இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதை மறைக்க வேண்டிய விஷயமாகவும் யாரும் நினைக்க வேண்டாம். மாமன்–அக்காள் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒன்று. பரம்பரை நோய் பற்றி மருத்துவர் கேட்கும்போது ‘சொந்தத்தில்தான் கட்டினோம்’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட இந்தப் படத்தை நீட்டுவது எவ்வளவோ மேல்.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. வெளிநாட்டு மென்பொருளும் தளங்களும் குடும்பப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நம்மில் பலருக்கு அது கிடையாது. முன்னெழுத்தில் நிற்கும் அப்பா பெயரை விரித்து எழுதி, கிராம்ப்ஸில் ‘தந்தை வழிப் பெயர்’ என்று குறித்துவிடலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் கருப்பையா மகன் சுப்பையா, அவர் மகன் கருப்பையா என்றே போகும். அண்ணன் தம்பி நால்வரும் தலைப்பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருந்தால் கருப்பையாக்கள் பெருகிவிடுவார்கள். ‘ஒரே ஆள்போல் தெரிகிறது, சேர்த்துவிடலாமா’ என்று மென்பொருள் கேட்டால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாசகியின் படத்தில் அந்த இரட்டைத் தாத்தா ஏன் தெரிந்தார்? அவர் அத்தையையும் அம்மாவையும் பெயரோடு ஏற்றியிருந்தார், அதனால் தெரிந்தார். ஆண்களை மட்டும் ஏற்றியிருந்தால் அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஒற்றைக் கம்புதான் நின்றிருக்கும். உறவு சுற்றி வருவதே பெண்கள் வழியாகத்தான். நம் ஆவணங்களோ அவர்களைத்தான் விட்டுவிடுகின்றன. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டில் இருப்பது ஆண்கள். வாக்காளர் பட்டியலில் கல்யாணமான பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர் வந்ததும் தகப்பன் பெயர் காணாமல் போய்விடும்.

அவர்களை எங்கே தேடுவது? பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் அதில் வரும். நான்கெல்லையில் இருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். ஒரே நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள்தான் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பிகள் மொத்தமாகக் கிடைத்துவிடுவார்கள். பெண்கள் கிடைப்பது விடுதலைப் பத்திரத்தில். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அதன் பிறகு அக்காள் தங்கைகளின் கையெழுத்து இல்லாமல் நிலத்தை விற்க முடியாத நிலை. இன்னார் மகளும் இன்னார் மனைவியும் என்று தகப்பன் பெயரும் கணவன் பெயரும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும் ஆவணம் அதுபோல் இன்னொன்று இல்லை. தன் பங்கை விட்டுக்கொடுக்கிற இடத்தில்தான் ஒரு பெண்ணின் முழு அடையாளம் எழுத்தில் வருகிறது என்பது எனக்கு வலிக்கிற செய்தி. ஆனாலும் அதை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் இதைவிடவும் நல்ல ஆவணம் ஒன்று இருக்கிறது. மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, மொய் விருந்து என்று எதுவானாலும் ஊர், பெயர், தொகை என வரிவரியாக எழுதி வைத்திருப்பார்கள். தாய்மாமன் மொய் தனி மரியாதையோடு தொடக்கத்திலேயே நிற்கும். அந்த ஒரு வரி போதும், அம்மா பிறந்த வீடு எந்த ஊர் என்று தெரிந்துவிடும். பின்னால் வரும் மாமன் மச்சான், சம்பந்தி வீட்டு வரிகள் ஒவ்வொன்றும் பெண் கொடுத்த அல்லது எடுத்த வீடு. கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்துகளில் இப்போது கணினியில் பதிந்து ரசீதே கொடுக்கிறார்கள். பழைய நோட்டுகளோ செய்முறைக் கணக்குத் தீர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். அப்பத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பெயரும் யார் என்று கேட்டு, குரலையும் பதிந்துகொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தத் தளத்திலும் ஏறியதில்லை.

1948க்கு முந்திய காகிதங்களைத் தேடுபவர்கள், ஊர் அப்போது யார் ஆட்சியில் இருந்தது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலங்குடி, திருமயம், குளத்தூர் தாலுகாக்கள் தொண்டைமான் சமஸ்தானம். அறந்தாங்கியோ பிரிட்டிஷ் ஆட்சியில் தஞ்சாவூர் மாவட்டத்தோடு இருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோதுதான் இங்கே சேர்ந்தது. ஆகவே வாசகி தன் பூட்டனைச் சமஸ்தான ஆவணங்களில் தேட வேண்டாம். அப்பத்தா திருமயம் பக்கத்துப் பெண் என்றால் மட்டும் அந்த வழிக்கு இங்கே தேடலாம். கங்காணியோடு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவுக்கோ மொரிஷியஸுக்கோ போனவர்கள் வீட்டில் இருந்தால் அது தனித் தேடல். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரிஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

சேர்த்ததை ‘கெட்காம்’ கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, இந்த மென்பொருள் போய் வேறொன்று வந்தாலும் திறக்கும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு அனுப்பும்போது உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை விட்டுவிடும் வசதி கிராம்ப்ஸில் உண்டு, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறந்த தேதியும் அம்மா பெயரும் இன்று வங்கிக் கணக்கு வரை கேட்கப்படுகிற விவரங்கள். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுவதானால் இறந்தவர்கள் வரையில் மட்டும் போடுங்கள்.