அலுமினிய இணைப்பும் அனலும்

மலாக்காத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்கு அலுமினியம் புதிதன்று. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் தொட்டிகளில் வரிசையாகச் செருகப்பட்ட தகடுகள் அலுமினியத்தால் ஆனவை. செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் கெடும். இரும்போ துருக்கறை தரும். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்சைடுத் தோலொன்றைப் போர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது.

அத்தோலே பற்றவைப்போர்க்குத் தடையாகிறது. உலோகம் ஏறத்தாழ 660 பாகை செல்சியசில் உருகும். தோல் உருக 2,000 பாகைக்கும் மேல் வேண்டும். ஆதலால் அதனைத் தூரிகையால் தேய்த்து நீக்கி, ஆர்கன் வாயுவின் காப்பிலே பற்றவைக்கின்றனர். ஈரமோ எண்ணெய்ப் பசையோ எஞ்சியிருப்பின் ஹைட்ரஜன் உட்புகுந்து, உலோகம் உறையுங்கால் நுண்துளைகளாகத் தங்கிவிடும். மேலும், இரும்பு சிவந்து நம்மை எச்சரிக்கும். அலுமினியமோ நிறம் மாறாமலே உருகி விழும். (பற்றாசு வைத்தல் வேறு, பற்றவைத்தல் வேறு. முன்னதில் அடியுலோகம் உருகுவதில்லை. இவ்விரு சொற்களையும் வகுப்பறையில் கலந்து வழங்குதல் தகாது.)

இவையெல்லாம் பயிற்சியால் வெல்லத்தக்கவை. பயிற்சியால் வெல்லவியலாத ஒன்று உண்டு. கட்டுமானத்திற்குப் பெரிதும் பயன்படும் 6061 என்னும் கலப்புலோகம், வெப்பப் பதத்தால் வலுவூட்டப்பட்டது. பற்றவைக்கும் அனல் அப்பதத்தைக் குலைக்கிறது. பற்றுவரியின் இருபுறமும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வரை, வளையாது தாங்கும் வலு 240 மெகாபாஸ்கலிலிருந்து 115 அளவிற்குத் தாழ்ந்துவிடும். கைதேர்ந்தவர் குறையின்றிப் பற்றவைத்தாலும் இதுவே நிலை. ஆகவே இங்குப் பொறுப்பு வடிவமைப்பாளருடையது.

சுவரிலிருந்து நீளும் நிழற்கூரையின் தாங்கியை எண்ணிப் பாருங்கள். நுனியில் சுமை தொங்கினால், வளைக்கும் விசைத்திருப்பம் அடியில் உச்சமாகவும், நடுவில் அதிற் பாதியாகவும் இருக்கும். அடியிலேயே பற்றவைத்தால், மிகுந்த வலு வேண்டிய இடத்திற் பாதி வலுவே எஞ்சும். பற்றுவரியை நடுவிற்குச் சற்று அப்பால், நுனிப்பக்கமாகத் தள்ளினால் அவ்விழப்பு தீங்கு செய்யாது. அடியைத் திருகாணிகளால் பிணிக்கலாம். ஆயின் நீரிணையின் உப்புக்காற்றில் எஃகுத் திருகாணி அலுமினியத்தை நேரே தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இடையில் மின்கடத்தா வளையம் இடுதல் வேண்டும்.

கனடாவின் ஆர்வீடாவில் 1950-இல் எழுந்த அலுமினியப் பாலம் தறையாணிகளால் இணைக்கப்பட்டது. உருக்காமலே, சுழலும் கருவியின் உராய்வால் உலோகத்தைப் பிசைந்து இணைக்கும் முறை 1991-இல் இங்கிலாந்தில் தோன்றியது. அதிலும் வலுவிழப்பு குறைகிறதேயன்றி முற்றும் நீங்குவதில்லை.