உங்களுக்குத் தெரியுமா? எட்டிப் பார்த்தவர் வாங்கிப் போக…

“வெப்சைட் போட்டு மூணு வருஷமாச்சு சார், ஒரு போன்கூட வரலை.” எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக எந்த லேத் பட்டறை, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், மீன் கம்பெனியில் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். ஆள் வராமல் இல்லை. வந்தவர் வாசலோடு திரும்பிப் போகிறார். ஏன் என்பதற்குச் சில துணுக்குகள். மருந்து எல்லாமே கைக்காசில் முடிகிற மருந்துதான்.

● தமிழ்நாட்டின் வரன் தேடலை இணையத்துக்கு இழுத்து வந்தவர் ராயபுரத்தில் வளர்ந்தவர். பெயர் முருகவேல் ஜானகிராமன். அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்தபோது, 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காகப் பொழுதுபோக்காக ஒரு தளம் தொடங்கினார். தமிழ்க் காலண்டர், பண்டிகைச் செய்தி என்று பலதும் அதில் இருந்தன. ஒரு மூலையில் வரன் விளம்பரமும் இருந்தது. வருகிற கூட்டமெல்லாம் அந்த மூலைக்கே போனது. வேறொருவராக இருந்தால் காலண்டருக்கு இன்னும் கொஞ்சம் ஜிகினா ஒட்டியிருப்பார். இவர் 2000இல் அந்த மூலையையே தனிக் கடையாக்கினார். தமிழ்மேட்ரிமோனி, பாரத்மேட்ரிமோனி எல்லாம் அப்படி வந்தவைதான். 2017 செப்டம்பரில் கம்பெனி பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. தனக்கான பெண்ணையும் அவர் தன் தளத்தில்தான் பார்த்தார் என்பது உபரிச் செய்தி.

உங்கள் தளத்தில் கூட்டம் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பதை கூகுள் அனலிட்டிக்ஸ் காசு வாங்காமல் சொல்லும். அந்தப் பக்கத்தை முதலில் கவனியுங்கள். நிறுவனர் படம் போட்ட ‘எங்களைப் பற்றி’ பக்கம் அப்புறம்.

● பாரத்மேட்ரிமோனியில் பதிவு செய்வதும் தேடுவதும் இலவசம். பிடித்த வரனைத் தொடர்பு கொள்ளத்தான் பணம். கார்டு இல்லாத பெற்றோருக்காக ஊர்களில் அலுவலகம் திறந்து நேரில் வந்து கட்டவும் வழி செய்தார்கள். இன்றைக்கு அந்த வேலையை யூபிஐ பார்க்கிறது. 2016இல் வந்த அந்த வசதி டீக்கடைத் தூணில்கூட ஒட்டியிருக்கிறது. நிறைய வெப்சைட்டில்தான் இன்னும் இல்லை.

● ஒரே ஒரு பட்டன் மாற்றத்தால் ஒரு கடைக்கு ஒரு வருடத்தில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை ஆகியிருக்கிறது. இணைய வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதி வைத்த கதை இது. கடையின் பெயரை அவர் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெரிய கடை என்பது மட்டும் தெரியும். பொருளை எடுத்துப் பணம் கட்டப் போகிற நேரத்தில் அந்தத் தளம் ‘லாகின் செய்யுங்கள் அல்லது பதிவு செய்யுங்கள்’ என்று மறித்தது. புதிதாக வந்தவர், “நான் வாங்கத்தானே வந்தேன், உங்களோடு சம்பந்தம் பேசவா வந்தேன்?” என்கிற மாதிரி எரிச்சலானார். பழையவர் பாஸ்வேர்டை மறந்திருந்தார். மறந்த பாஸ்வேர்டைக் கேட்டு மட்டும் நாளுக்கு 1,60,000 கோரிக்கை வந்தது. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிவரை வாங்கவே இல்லை.

‘பதிவு செய்’ பட்டனை எடுத்துவிட்டு ‘தொடரவும்’ என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று பக்கத்தில் ஒரு வரி. அவ்வளவுதான், வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் ஏறியது. பட்டனுக்கு என்ன நிறம் என்று வாரக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இந்தக் கதையை இரண்டு தடவை படிக்கலாம்.

● எக்ஸ்பீடியா என்ற பயணத் தளம் தன் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தை நீக்கியதால் வருடத்துக்கு 1.2 கோடி டாலர் லாபம் கூடியதாக 2010இல் செய்தி வந்தது. ‘கம்பெனி’ என்று ஒரு கட்டம். அதைப் பார்த்துக் குழம்பிய சிலர் தங்கள் வங்கியின் பெயரை எழுதினார்கள். அதற்குக் கீழே முகவரி கேட்டதும் வங்கியின் முகவரியையே எழுதினார்கள். கார்டு முகவரி பொருந்தாமல் பணம் போகவில்லை. கட்டத்தைத் தூக்கினார்கள், சிக்கல் போயிற்று.

இனி நம்மூர் சரக்குப் போக்குவரத்துத் தளம் ஒன்றில் ‘கொட்டேஷன் கேளுங்கள்’ படிவத்தைத் திறந்து பாருங்கள். பெயர், பதவி, கம்பெனி, ஃபேக்ஸ் எண், பின்கோடு, ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்’… ஃபேக்ஸ்! காமராஜர் துறைமுகத்துக்கு ஒரு 20 அடி கண்டெய்னர் அனுப்ப வேண்டியவரிடம் முதல் பேச்சில் கேட்க வேண்டியது எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு, எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பதுதான். பதவியைப் பில் போடும்போது கேட்டுக்கொள்ளலாம்.

● வடசென்னைக்கு மூன்றெழுத்து ராசி உண்டு. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில்தான் பலூன் செய்யத் தொடங்கியது, கே.சி.பி.யின் கனரகப் பட்டறையும் அதே ஊர்தான். அவர்களுக்கு எழுத்து மட்டும் போதும், ஊருக்கே தெரியும். நேற்றுத் தொடங்கிய ‘எஸ்.வி.எம். எண்டர்பிரைசஸ்’ என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? கப்பல் பழுது பார்ப்பவரா, கேட்டரிங்கா? ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று முதல் வரியில் போட்டால் அதற்குப் பதில் கிடைக்காது. ‘கப்பல், டிரைலர் உதிரிபாகங்களுக்கு லேத், வெல்டிங் வேலை. இடம்: திருவொற்றியூர்’ என்று போட்டால் கிடைக்கும்.

● இந்தப் பக்கத்துப் பட்டறைத் தளங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. மேலே ஒரு படம் தானாக நழுவிக்கொண்டே இருக்கும். மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கை குலுக்குவார்கள். போன் நம்பர் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். விரல் வைத்தால் ஒன்றும் நடக்காது. அழைக்க நினைப்பவர் பேனா தேட வேண்டும், அதற்குள் படம் நழுவிவிடும். அடியில் ‘காப்புரிமை 2014’. பட்டறை இன்னும் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

நம்பரைத் தொட்டால் போன் அடிக்கும்படி வைப்பது வெப்சைட் செய்தவருக்கு ஐந்து நிமிட வேலை. அந்த வெள்ளைக்காரர்களை அனுப்பிவிட்டு உங்கள் லேத், உங்கள் ஆள், நேற்று முடித்துக் கொடுத்த ஷாஃப்ட், இவற்றைப் படமெடுத்துப் போடுங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் நல்லதுதான்.

● அதற்காக போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஒன்றே 4 எம்பி இருக்கும். முதல் பக்கத்தில் ஏழு படம் என்றால், டவர் சரியாகக் கிடைக்காத கண்டெய்னர் யார்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற டிரைவர் டீ குடித்து முடித்தாலும் பக்கம் வந்திருக்காது. திறக்க 3 நொடிக்கு மேல் ஆனால், மொபைலில் வந்தவர்களில் 53 சதவீதம் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கூகுள் 2016இல் சொன்னது. படத்தை 200 கேபிக்குச் சுருக்கித் தர இலவசத் தளங்களே இருக்கின்றன.

● ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்கும் திருவொற்றியூருக்கும் எழுபது வருட உறவு. 2015 ஜூலையில் அந்தக் கம்பெனி ‘டெஸ்பாட்ச்’ என்ற சிறப்பு வண்டி 200ஐ இணையத்தில் விற்றது. 26 நிமிடத்தில் காலி. 2018இல் ‘பெகாசஸ்’ வந்தது. இந்தியாவுக்கு 250 வண்டிதான். ஜூலை 25 அன்று முன்பதிவைத் திறந்ததும் கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. ஆகஸ்ட் 29 அன்று மறுபடி திறந்தார்கள். 178 நொடியில் அத்தனையும் போயிற்று. ஒரு மாதம் காத்திருந்து திரும்பி வர புல்லட் பித்தர்கள் உண்டு. நம் தளம் படுத்தால் ‘அடுத்த கடை’தான்.

● அபூர்வமாக, தேடிக்கொண்டு வருகிறவரும் உண்டு. மேத்யூ ஜோசப் 2012இல் கேரளத்தில் ‘சீ டு ஹோம்’ என்று இணைய மீன் கடை தொடங்கினார். அது மூடிக் கிடப்பதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், ஆளைத் தேடிப்பிடித்துக் கூட்டுச் சேர்ந்தார். அவர் ஷான் கடவில். 2015இல் ‘ஃப்ரெஷ் டு ஹோம்’ பிறந்தது. லாட்டரி விழுந்த கதை, எல்லோருக்கும் விழாது.

● மீன் என்றதும் காசிமேடு. அங்கே மீனை வாங்கியபின் வெட்டிச் சுத்தம் செய்யத் தனிக்கூலி என்பது எல்லோருக்கும் தெரியும். தலை, வால், குடல் போக எவ்வளவு தேறும் என்பதும் கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்துவிடும். திரையில் பார்ப்பவருக்கு அது தெரியாது. ‘ஒரு கிலோ வஞ்சிரம்’ என்று பணம் கட்டிவிட்டு, வந்த பையைத் தூக்கிப் பார்த்து “ஏமாத்திட்டான்” என்பார். அதனால்தான் நல்ல மீன் தளங்கள் முழு எடை, சுத்தம் செய்த எடை என்று இரண்டையும் போடுகின்றன. துண்டு எவ்வளவு தடிமன், தலை வருமா வராதா என்பதையும் சேர்த்துப் போட்டால் பாதி போன் மிச்சம்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் ‘இன்று காலை காசிமேட்டில் இறங்கிய மீன்’ என்றே ஒரு தளம் காட்டிக்கொண்டிருந்தால், விவரம் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். ‘தடைக்காலம், கேரள வரத்து, விலை கொஞ்சம் கூட’ என்று எழுதினால் நம்புவார். வாங்கவும் செய்வார் என்பது என் கணிப்பு.

● கூடையில் போட்ட பொருளை அப்படியே விட்டுவிட்டுப் போவது உலகெங்கும் நடக்கிறது. டென்மார்க்கின் பேமார்டு நிறுவனம் திரட்டிய கணக்குப்படி பத்துக்கு ஏழு கூடை அம்போ. முதல் காரணம், கடைசிப் பக்கத்தில் முளைக்கிற டெலிவரி சார்ஜும் வரியும். முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு பழகிவிடும். இது இப்போது நல்ல பழக்கம் மட்டுமில்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது எல்லாம் அதில் உண்டு.

● முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது 2020இன் மின்வணிக விதி. புகார் கேட்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும் என்பதும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து போட்டாலும், வாங்குபவருக்கு அது தைரியம் தருகிறது.

● கம்பெனிக்குக் கம்பெனி வியாபாரம் என்றால் ஜிஎஸ்டி எண்ணை அடியில் போடுங்கள். தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும். வடநாட்டிலிருந்து ஆர்டர் தர யோசிக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் அதை அரசுத் தளத்தில் தட்டிப் பார்த்து, நீங்கள் நிஜ ஆள்தான் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வார்.

● கூகுளில் கடை விவரம் பதிந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த குட்டி வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. விசிட்டிங் கார்டில் இன்னும் அந்த முகவரியே இருந்தால், நீங்களே வாடிக்கையாளரை ஆளில்லாத வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

● ‘https’ என்ற பூட்டுப் போடாத தளங்களை குரோம் 2018 ஜூலையிலிருந்து ‘பாதுகாப்பானது அல்ல’ என்று காட்டுகிறது. பூட்டுச் சான்றிதழை ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ இலவசமாகவே தருகிறது. இதற்கு வருடாவருடம் ஆயிரக்கணக்கில் பில் வந்தால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

● இந்திய மொழிகளில் இணையத்தை அதிகம் தொட்டவர்கள் தமிழர்கள், 42 சதவீதம் என்றது 2017இல் வந்த கூகுள்–கேபிஎம்ஜி அறிக்கை. இந்தி அடுத்த இடம்தான். ஆனாலும் ராயபுரத்துக் கடைக்காரர் ராயபுரத்துக்காரருக்கு இங்கிலீஷில்தான் வெப்சைட் போடுகிறார். எல்லாப் பக்கமும் தமிழில் வேண்டாம். விலை, நேரம், டெலிவரி மூன்றையாவது தமிழில் போடலாமே. படமாக அல்ல, யூனிகோடு எழுத்தாக. படத்தில் எழுதிய தமிழைத் தேடலில் பிடிப்பது நிச்சயமில்லை.

● ஒபாமாவின் 2008 தேர்தல் பிரசாரத் தளத்தில் 24 விதமாகப் படத்தையும் பட்டனையும் மாற்றிப் பார்த்தார்கள். குடும்பப் படமும் ‘மேலும் அறிய’ பட்டனும் சேர்ந்தது ஜெயித்தது. பதிவு 40 சதவீதம் உயர்ந்தது. இதைச் சொல்லி உங்களிடம் சோதனைக் கருவி விற்க யாராவது வருவார்கள். லட்சக்கணக்கில் ஆள் வருகிற இடத்துக்கு அது சரி. மாதம் முந்நூறு பேர் வருகிற பட்டறைத் தளத்துக்கு அது காசைச் சுண்டிப் பூவா தலையா பார்க்கிற வேலைதான்.

● வாட்ஸ்அப் பட்டன் வைக்கும்போது எண்ணுக்கு முன்னால் 91 போட வேண்டும். பிளஸ் குறியும் கூடாது, பூஜ்யமும் கூடாது. இந்த ஒரு பிசகால் எத்தனையோ பட்டன் சும்மா நிற்கிறது. ‘விலை தெரிய வேண்டும்’ என்ற வாசகத்தை முன்பே நிரப்பி வைக்கவும் வசதி இருக்கிறது.

● இதையெல்லாம் சரிபார்க்கப் பெரிய ஆய்வு வேண்டாம். ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே குறைகளில் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். உங்கள் தளத்தை இதுவரை பார்க்காதவரிடம் போனைக் கொடுத்து, “இதில் விலையைக் கண்டுபிடிங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் முழிக்கிற இடத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வாயைத் திறந்து வழி சொன்னால் சோதனை செல்லாது.