வலி போனால் நோய் போகுமா?

இரவு நலமாகப் படுத்த ஒருவர், விடியுமுன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு துடிப்பதைப் பார்த்ததுண்டா? விரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி நெருப்பாய்க் கொதிக்கும். போர்வை பட்டாலும் தாங்காது. ஓரிரு வாரத்தில் வலி தானே மறையும், வீட்டாரும் மறந்துவிடுவர். சில மாதங்கள் சென்று மீண்டும் வரும். இதுவே 'கௌட்' என்னும் ஒருவகைக் கீல்வாதம்.

இது ஏன் உண்டாகிறது? நம் உயிரணுக்களிலும் உணவிலும் ப்யூரின் என்னும் பொருள் உள்ளது. அது சிதையும்போது யூரிக் அமிலம் தோன்றுகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. வெளியேறுவது குறைந்தால் இரத்தத்தில் தேங்குகிறது. தம்ளர் நீரில் அளவுக்கு மீறி உப்பைப் போட்டால் அடியில் தங்கிவிடும் அல்லவா? அதுபோல, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 7 மில்லி கிராமுக்கு மேற்பட்டால், யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியக்கூடும். குளிர்ந்த இடத்தில் எளிதில் படியுமாதலால் கால்விரலே பெரும்பாலும் முதலில் அகப்படுகிறது. அப்படிகங்களை வெள்ளை அணுக்கள் எதிர்ப்பதால் எழுவதே அந்த வேதனை.

முற்காலத்தில் ஐரோப்பியர் இதை 'அரசர்களின் நோய்' என்றனர். உண்டு கொழுத்தவருக்கே வரும் என்று நோயாளியை நகைத்தனர். அது முழு உண்மையன்று. பரம்பரை, சிறுநீரகக் கோளாறு, உடற்பருமன், இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இந்நோய் அரிது; பின்னர் அவர்களுக்கும் வரலாம்.

வலி வந்தவுடன் மூட்டை உருவிவிடலாகாது. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடம் கொடுத்து, மருத்துவரைக் காண வேண்டும். காய்ச்சலும் இருந்தால் தாமதம் கூடாது. கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். கௌட் வலிக்குத் தரும் கால்சிசின் என்ற மருந்து நம் செங்காந்தளிலும் உண்டு. அதற்காக அக்கிழங்கை அரைத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து!

யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கும் அல்லோபூரினால் என்ற மருந்து 1966-இல் அமெரிக்காவில் பயனுக்கு வந்தது. அதைத் தந்தவர்களுள் ஒருவர் ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார். பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் அவரை ஏற்க மறுத்தன. சிலகாலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். மனம் தளராத அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்மருந்தில் ஒரு நுட்பம் உண்டு. தொடங்கிய சில மாதங்களில் வலி மீண்டும் வரலாம். பழைய படிகங்கள் கரையும்போது அவ்வாறு நேரும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். வலி போனவுடன் நிறுத்துவோரும் உளர். இரண்டும் தவறு. யூரிக் அமிலம் 6 மில்லி கிராமுக்குக் கீழே நிற்கும்வரை மருத்துவர் அளவைச் சரிசெய்வார். பின்னரும் மருந்தைத் தொடர வேண்டும். தோலில் தடிப்பு கண்டால் மட்டும் மாத்திரையை நிறுத்தி உடனே அவரிடம் செல்ல வேண்டும். கவனியாது விட்டால் மூட்டுகள் உருக்குலையும். சிறுநீரகத்தில் கல்லும் சேரும்.

உணவிலே ஈரல், மூளை, நெத்திலி, மத்தி, சர்க்கரைப் பானங்கள் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். மது அறவே வேண்டா. பருப்பையும் கீரையையும் விலக்கத் தேவையில்லை. மருத்துவர் தடுத்தாலன்றித் தண்ணீர் நிறையப் பருகலாம். பட்டினி கிடந்து உடலை இளைக்கவைப்பதும் வலியைத் தூண்டும்.

தோழியரே! நம் வீட்டுப் பெரியவர் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், வலியில்லாத நாளிலும், "தாத்தா, மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி அவரைப் பல இரவுகள் நிம்மதியாக உறங்கவைக்கும்.