காதால் திருத்தப்படும் நாடகம்

நாவல் எழுத ஒரு மேசையும் தனிமையும் போதும். நாடகம் எழுதுகிறவருக்கு அவை பாதி வழிவரைதான் துணை. ஒரு பாத்திரத்துக்கு எழுதிய நீண்ட பேச்சு நடிகரின் மூச்சுக்குள் அடங்குமா, முதல் காட்சியில் பார்வையாளருக்குப் புரிந்துவிட்டதையே மூன்றாம் காட்சி மறுபடி சொல்கிறதா, வேலை உடுப்பில் வெளியே போனவர் கோட்டு சூட்டில் திரும்பி வர நேரம் இருக்கிறதா: இவை எதையும் தாள் சொல்லாது. ஆட்கள் எழுந்து நின்று பேசும்போதுதான் தெரியும்.

வழக்கமான தயாரிப்பில் இது தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது. அரங்கம் பதிவாகிவிட்டது, டிக்கெட் விற்றாகிவிட்டது, மேடை அமைப்புக்குத் தச்சர் வேலையைத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில் இரண்டாம் அங்கத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுத யாரும் விடமாட்டார்கள். இந்த நெருக்கடி வருவதற்கு முன்பே, பிரதியை நடிகர்களின் வாயில் வைத்துப் பார்க்க ஓர் இடமும் சில வாரங்களும் ஒதுக்குவதுதான் உறைவிடப் பட்டறை. நாடகாசிரியர், இயக்குநர், நடிகர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, பேசி, திருத்தி வேலை செய்வார்கள்.

இதற்கு உலகம் முழுதும் முன்மாதிரியாகச் சொல்லப்படும் இடம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கடலோரமாக உள்ள வாட்டர்ஃபோர்டு என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய பண்ணை மாளிகை கேட்பாரற்றுக் கிடந்தது. தீயணைப்புப் படையின் பயிற்சிக்காக அதைக் கொளுத்திவிடலாம் என்று ஊர் நிர்வாகம் நினைத்திருந்தது. ஜார்ஜ் வைட் என்ற இளைஞர் அதைக் கேட்டு வாங்கி, 1964இல் யூஜின் ஓநீல் நாடக மையத்தைத் தொடங்கினார். அமெரிக்க நாடகாசிரியரான ஓநீல் சிறுவயதில் வாழ்ந்த வீடு பக்கத்து ஊரான நியூ லண்டனில் இருக்கிறது. பெயர் அப்படி வந்தது. 1965இல் நாடகாசிரியர்கள் முதல்முறை அங்கே கூடினார்கள். அடுத்த ஆண்டே ஜான் குவேர் தன் ‘தி ஹவுஸ் ஆஃப் புளூ லீவ்ஸ்’ நாடகத்தின் முதல் அங்கத்தை அங்கே மேடையேற்றிப் பார்த்தார்.

இன்று நாம் அறியும் முறையை நிலைநிறுத்தியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். 1959இல் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தை இயக்கியதன் மூலம், நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயின் முதல் கறுப்பின இயக்குநர் ஆனவர். 1968 முதல் 1999 வரை வாட்டர்ஃபோர்டின் கோடைக்கால நாடகாசிரியர் மாநாட்டை அவர்தான் நடத்தினார்.

அவர் நிலைநிறுத்திய முறை இது: தேர்வான நாடகாசிரியர்கள் பட்டறை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே கூடி, தங்கள் நாடகத்தைத் தாங்களே சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். எழுதியவரின் குரலில் நாடகம் எப்படி ஒலிக்கிறது என்பதை இயக்குநர் அங்கேயே கேட்டுக்கொள்கிறார். கோடையில் எல்லோரும் வந்து தங்கிய பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் கிடைக்கும் ஒத்திகை நான்கைந்து நாள்தான். அதன்பின் பார்வையாளர் முன் இரண்டு வாசிப்புகள். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. பிரதியைக் கையில் பிடித்தபடியே நடமாடி நடிக்கிறார்கள். மேடையில் எல்லா நாடகங்களுக்கும் பொதுவான சில மேடைத் துண்டுகள், படிகள், கதவுச் சட்டங்கள் மட்டும் இருக்கும். மேடை வடிவமைப்பாளர் உண்டு, ஆனால் அவர் எதையும் கட்டுவதில்லை. நாடகாசிரியரோடு உட்கார்ந்து, இந்த நாடகத்தின் உலகம் எப்படி இருக்கும் என்று கனவு கண்டு வரைந்து கொடுப்பதோடு அவர் வேலை முடிகிறது.

சிக்கனத்துக்காக இப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல ஒளியமைப்பும் பின்னணி இசையும் பலவீனமான காட்சியைத் தூக்கி நிறுத்திவிடும். கெட்டிக்கார இயக்குநர் ஓட்டையை மூடி மறைத்துவிடுவார். பார்வையாளர் கைதட்டுவார்கள், நாடகாசிரியரும் ஏமாந்துபோவார். மேடை வெறுமையாக இருந்தால் ஓட்டை ஓட்டையாகவே தெரியும். வசனத்தைக் கையிலேயே வைத்திருப்பதற்கும் இதே நியாயம்தான். மனப்பாடம் செய்துவிட்ட நடிகரிடம் காலையில் புதிய பக்கத்தை நீட்ட முடியாது. பிரதி கையில் இருந்தால் இரவு எழுதியதை மறுநாளே பேசிப் பார்க்கலாம். திருத்திய பக்கங்களை வேறு வேறு நிறத் தாளில் தருவது இத்தகைய பட்டறைகளில் வழக்கம். ஒரு வாரம் கழித்துப் பிரதியைப் புரட்டினால், நாடகம் எங்கெங்கே அசைந்திருக்கிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளிதான் முழு ஏற்பாட்டின் உயிர் என்பேன். முதல் வாசிப்பில் சிரிப்பு வராத இடம், நாற்காலிகள் கிரீச்சிடத் தொடங்கிய இடம், எதிர்பாராமல் அரங்கம் அமைதியான இடம், எல்லாவற்றையும் நாடகாசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கூடவே ‘டிராமடர்க்’ எனப்படும் பிரதி ஆலோசகர் இருப்பார். தீர்வு சொல்வது அவர் வேலையல்ல. இந்தப் பெண் ஏன் இப்போது வெளியேறுகிறாள் என்பது போன்ற கேள்விகளைக் கேட்பதுதான். பத்திரிகை விமர்சனம் வேண்டாம் என்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. நாளைக் காலையில் நாளிதழ் தீர்ப்பு எழுதும் என்ற பயம் இருந்தால் யாரும் துணிந்து வெட்டமாட்டார்கள்.

இந்த முறை என்ன செய்யும் என்பதற்கு ஆகஸ்ட் வில்சனைவிட நல்ல சாட்சி இல்லை. பிட்ஸ்பர்க்கில் பிறந்த கவிஞர். அவர் அனுப்பிய நாடகங்களை வாட்டர்ஃபோர்டு பலமுறை திருப்பி அனுப்பியது. 1982இல், தம் 37ஆவது வயதில், ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ நாடகத்தோடு உள்ளே வந்தார். மறு ஆண்டு கொண்டுவந்த ‘ஃபென்சஸ்’ நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கவிஞர் அல்லவா, பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள்; அந்தப் பேச்சுதான் அவர் பலமும். எதை வெட்டினால் உயிர் போகும், எதை வெட்டினால் மூச்சு வரும் என்பதை நடிகர்கள் பேசக் கேட்டே அவர் கற்றார். வெட்டிச் செதுக்கிய ‘ஃபென்சஸ்’ 1987இல் பிராட்வேயில் ஏறி புலிட்சர் பரிசு பெற்றது. 1986இல் வாட்டர்ஃபோர்டில் வாசிக்கப்பட்ட ‘தி பியானோ லெசன்’ நாடகத்துக்கோ, பொருத்தமான முடிவு பட்டறையில் அகப்படவில்லை. அதன்பின் நகரம் நகரமாக மேடையேறியபோதுதான், பெர்னீஸ் என்ற பாத்திரம் பியானோ முன் உட்கார்ந்து வாசிக்கும் அந்த இறுதிக்கு அது வந்து சேர்ந்தது. அதற்கும் 1990இல் புலிட்சர் கிடைத்தது.

பிரிட்டனின் ஜாயின்ட் ஸ்டாக் குழு இதே வேலையை எதிர்த்திசையிலிருந்து செய்தது. அங்கே தொடக்கத்தில் பிரதியே கிடையாது. நடிகர்களும் எழுத்தாளரும் சில வாரம் ஒரு பொருளைப் பற்றிப் பேசி, வாழ்க்கை அனுபவங்களைப் பகிர்ந்து, நடித்துப் பார்ப்பார்கள். பிறகு எழுத்தாளர் தனியே போய்ப் பல வாரம் எழுதுவார். அதன்பின்தான் ஒத்திகை. கேரில் சர்ச்சிலின் ‘கிளவுட் நைன்’ 1979இல் அப்படி உருவானது. கூட்டாக எழுதப்பட்ட நாடகம் என்று இதைச் சிலர் தவறாகச் சொல்வதுண்டு. பட்டறை நிலத்தை உழுது கொடுத்தது. ஒவ்வொரு வரியும் சர்ச்சில் தனிமையில் எழுதியது.

இந்த முறைக்கு ஒரு நோயும் உண்டு. வாசிப்பு நடத்துவது மலிவு, தயாரிப்பது செலவு. எனவே ஒரு நாடகம் பட்டறைக்குமேல் பட்டறையாகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள், யாரும் மேடையேற்றமாட்டார்கள். திருத்தித் திருத்தி அதன் முரட்டு அழகும் தேய்ந்துவிடும். வில்சனுக்கு அது நேராததற்குக் காரணம் உண்டு. ரிச்சர்ட்ஸ் அதே காலத்தில் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியின் தலைவர். யேல் ரெப்பர்டரி அரங்கம் அவர் பொறுப்பில் இருந்தது. வாட்டர்ஃபோர்டில் கேட்ட நாடகத்தை யேலில் அவரே மேடையேற்றினார். ‘மா ரெய்னி’ 1984இல் முதலில் யேலிலும் அதே ஆண்டு பிராட்வேயிலும் வந்தது அப்படித்தான்.

நம் ஊரில் புதிய நாடகத்துக்கு இப்படி ஒரு பட்டறை நடத்த நினைக்கும் குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: நாடகாசிரியரை அழைப்பதற்கு முன்பே, அந்த நாடகம் முழுதாக மேடையேறப் போகும் அரங்கத்தையும் தேதியையும் முடிவு செய்துவிடுங்கள்.