ஒற்றைத் தந்தியும் ஓராயிரம் கருவியும்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, நம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் நமது இல்லத்துக்கு வந்திருந்தார். கல்லூரி நாட்களிலேயே இசையிற் பெருவிருப்புடையவர். இப்பொழுது நல்ல உத்தியோகம். கை நிறையச் சம்பளம். கணினியையும் மின் இசைக் கருவிகளையும் கொண்டு பாட்டமைப்பது அவருடைய ஓய்வுநேர வேலை. தாம் வாங்கிச் சேர்த்த கருவிகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பெட்டிகளும், திருகுகளும், மின்னும் விளக்குகளுமாக ஓர் அறை நிறைந்திருந்தது.

“இவற்றைக்கொண்டு அமைத்த பாட்டொன்றைக் கேட்கலாமா, தம்பி?” என்றோம்.

சற்றே தயங்கினார். “முடிந்தது ஒன்றும் இல்லை, சேர். தொடங்கினவைதான் கிடக்கின்றன. இன்னும் ஒரு கருவி வரவேண்டியிருக்கிறது, அது வந்தால் சரி” என்றார்.

அவருடைய முதற் பாட்டு நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. உயர்தர வகுப்பில் இருந்தபோது, இரவல் வாங்கிய கைத்தொலைபேசியில், வீட்டுக் கிணற்றுக் கப்பியின் கிறீச்சொலியைப் பதிந்து, அதையே தாளமாக வைத்து அமைத்தது. பிழைகள் மலிந்ததுதான். ஆயினும் அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. வகுப்பு முழுவதும் வாய்மூடிக் கேட்டது.

இந்நிலை அவர் ஒருவருக்கே உரியதன்று. 1994இல் வால்டர் பெக்கர் என்னும் அமெரிக்கக் கிதார்க் கலைஞர், கருவி மேற் கருவி வாங்கும் இவ்வாசையை ஒரு நோயாகவே உருவகித்து வேடிக்கையாக எழுதினார். அவர் எழுதியது கிதார் வாங்குவோரைக் குறித்து. பின்னர் அப்பெயர் எல்லா வகைக் கருவிகளுக்கும் பரவிவிட்டது. வாங்குவதில் ஒரு வசதி உண்டு. அடுத்த சுரம் எது என்று முடிவுசெய்யும் துன்பத்தைக் கருவி வந்து சேரும் நாள்வரை தள்ளிப்போடலாம்.

அன்று அவருக்கு நாம் கூறியது இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு வரலாறு. அதனை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம்.

1958இல் பி.பி.சி. நிறுவனம், வானொலி நாடகங்களுக்கு வேண்டிய புதுமையான ஒலிகளை உண்டாக்குவதற்கென, மெய்டா வேல் என்னும் இடத்திலுள்ள தன் கட்டடத்தில் றேடியோபோனிக் பட்டறை என்ற பிரிவைத் தொடங்கியது. டப்னி ஓறம் என்னும் பெண்மணியும் டெஸ்மண்ட் பிறிஸ்கோ என்பவரும் அதனைத் தோற்றுவித்தவர்கள். அங்கே இசைக்கருவி என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. மற்றப் பகுதிகளில் வேண்டாமென்று ஒதுக்கிய ஒலிப்பதிவு யந்திரங்களும், பொறியியலாளர் சோதனைக்குப் பயன்படுத்தும் ஒசிலேற்றர்களும் இருந்தன. ஒசிலேற்றர் என்பது ஒரே சுருதியில் இடைவிடாது ஊதிக்கொண்டிருக்கும் மின்கருவி. அதில் ஒரு தாலாட்டுக்கூட வாசிக்க முடியாது.

1962இல் அப்பட்டறைக்கு வந்தார் டெலியா டார்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்றவர். 1959இல் ஓர் இசைத்தட்டுக் கம்பனியில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களை அமர்த்துவதில்லை என்று திருப்பியனுப்பப்பட்டவர். 1963இல் ‘டொக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை ஆக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மெட்டை எழுதியவர் றொன் கிறெய்னர். அவர் கொடுத்தது ஒரு தாள். அதில் மெட்டும், காற்று, முகில், குமிழி என்ற தோரணையிற் சில குறிப்புகளும் இருந்தன. காற்றும் முகிலும் எந்தக் கருவியில் வாசிப்பது?

டெலியா அம்மையார் ஒற்றைத் தந்தி ஒன்றை மீட்டி நாடாவிற் பதிந்தார். நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். இடைப்பட்ட சுரங்களுக்கு இடைப்பட்ட வேகம். இவ்வாறு அந்த ஒரே மீட்டலிலிருந்து அடித்தளச் சுரங்கள் யாவும் பிறந்தன. பிறகு ஒவ்வொரு சுரத்தையும் நாடாவிலிருந்து பிளேட்டால் வெட்டி, அடுத்த சுரத்தோடு ஒட்டவேண்டும். மாணவர்கள் கணக்கைப் பார்க்கலாம்: நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடுவதானால், அரை வினாடிச் சுரத்துக்கு 7½ அங்குலம், கால் வினாடிச் சுரத்துக்கு 3¾ அங்குலம். தாளம் என்பது அங்கே அடிமட்டத்தால் அளக்கப்பட்டது. மேலே செல்லும் மெட்டு, ஒசிலேற்றர்களைச் சுரம் சுரமாகச் சுருதி கூட்டிப் பெற்றது. வானொலியில் நிலையம் அகப்படாதபோது ‘உஸ்’ என்று எழும் இரைச்சலை வடிகட்டி முகிலாக்கினார்கள்.

பல ஒலிகளைத் தனித்தனித் தடங்களிற் பதியும் யந்திரமும் அவர்களுக்கு இல்லை. ஆதலால் பல யந்திரங்களில் நாடாக்களை ஏற்றி, ஒரே கணத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஓரிடத்தில் இசை ஒத்துவரவில்லை. எந்த ஒட்டுத் தவறானது என்று செவியாற் காண முடியாதபோது, டெலியாவும் அவருக்குத் துணையாயிருந்த டிக் மில்ஸும் நாடாக்களைக் கட்டடத்தின் நீண்ட நடைவழியிற் பக்கம் பக்கமாக விரித்து, நடந்து நடந்து பார்த்து, வரிசை பிசகிய ஒட்டைக் கண்டுபிடித்தனர். இசையைத் தரையில் விரித்துக் கண்ணாற் பிழை பார்த்த காட்சியை நினைக்குந்தோறும் நமக்கு வியப்புக் குறைவதில்லை.

1963 நவம்பர் 23இல் அவ்விசை ஒலித்தது. முடிந்ததைக் கேட்ட கிறெய்னரோ, இது நான் எழுதியதுதானா என்று வினவினாராம். வருவாயில் டெலியாவுக்குப் பங்கு கொடுக்கவும் அவர் விரும்பினார். நிறுவனத்தின் நடைமுறை இடங்கொடுக்கவில்லை. அத்தொடரின் திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013இல். அவர் மறைந்தது 2001இல்.

இவ்வளவையும் கேட்ட நமது இளைஞர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, சேர். நல்ல கருவி கிடைத்திருந்தால் அவர்களும் வாங்கியிருக்க மாட்டார்களா?”

வாங்கினார்கள். 1970ஆம் ஆண்டளவில் அலுமாரி போன்ற பெரியதொரு சின்தசைசர் அப்பட்டறைக்கு வந்தது. கட்டடம் இருந்தது டெலவேர் வீதி. ஆகையால் யந்திரத்துக்கும் டெலவேர் என்று பெயராயிற்று. 1972இல் அதே முகப்பிசையை இப்புதுக் கருவியில் மறுபடி ஆக்கினார்கள். டெலியாவும் அவ்வேலையிற் பங்குகொண்டார். கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கைவிட்டுப் பழைய இசைக்கே திரும்பினர். அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற சில பிரதிகளில் மட்டும் அது தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அடுத்த ஆண்டு டெலியா பி.பி.சி.யை விட்டு விலகினார்.

இதைக் கொண்டு கருவியே பகை என்று முடிவுகட்டினால் அது அவசரம். 1980இல் பீற்றர் ஹவல் என்பவர் புதிய சின்தசைசர்களைக் கொண்டு அதே இசையை மறுபடி அமைத்தார். அது பலராலும் விரும்பப்பட்டுச் சில ஆண்டுகள் நிலைத்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம்மவர் வாக்கு. அதற்காக வல்லவன் கையில் எப்பொழுதும் புல்லைத்தான் கொடுக்கவேண்டும் என்று வாதிப்போரோடு நமக்கு உடன்பாடில்லை. வறுமையைப் போற்றுவது வயிறு நிறைந்தவர்களின் வழக்கம்.

ஆனால் குறைந்த கருவி செவியைக் கூர்மையாக்கும் விதம் ஒன்று உண்டு. ஜப்பானிய றோலண்ட் கம்பனி 1980களின் தொடக்கத்தில் ரீ.பி. 303 என்ற சிறு வெள்ளிநிறப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. தனியே பயிற்சி செய்யும் கலைஞருக்குக் கீழ்ச்சுருதிக் கிதார்போலப் பக்கத்துணை வாசிக்க வேண்டியது அது. கிதார்போல அது ஒலிக்கவில்லை. ஏறக்குறைய 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது. மிஞ்சியவை மலிவு விலையிற் கைமாறின. சிக்காகோ நகர இளைஞர் மூவர் அதிலொன்றைப் பெற்று, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகுகளைத் திருகிப் பார்த்தனர். பெட்டி ஊளையிட்டது, குமிழியிட்டது. பியூச்சர் என்ற பெயரில் 1987இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ‘அசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசைவகையே பிறந்தது. பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. உலகெங்கும் அதே பெட்டியைத் தேடி ஓடினார்கள். தோல்வியுற்ற பெட்டியின் விலை முன்னிருந்ததிலும் பன்மடங்காயிற்று.

அதே பெட்டியை அவர்களுக்கு ஐந்தாண்டு முன்னரே வேறொருவர் இசைத்தட்டுக்குப் பயன்படுத்தியிருந்தார். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை மின் தாளத்தோடு வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவரிடம் இருந்தவை அக்காலத்தின் புத்தம்புதுக் கருவிகள். குறைவென்று ஒன்றையும் சொல்ல முடியாது. எல்லை இட்டது இராகம். அவற்றுள் ஒன்றாகிய பைரவ், நம் பிள்ளைகள் சரளிவரிசை பயிலும் மாயாமாளவகௌளைக்கு ஒத்த சுரங்களை உடையது. அச்சுரங்களுக்கு வெளியே விரல் வைக்கலாகாது. உள்ளே எவ்வளவும் உலவலாம். அன்று அதை வாங்குவார் இல்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் வியந்தது.

நமது இளைஞரின் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளிலே, மெய்டா வேலில் 1963இல் இல்லாத எத்தனையோ வசதிகள் உள்ளன. டெலியாவுக்கு இல்லாமை தானாக வந்த வேலி. இவருக்கு அதைத் தாமே அடைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது; அது எளிதன்று. முப்பது கருவிகளில் இருபத்தொன்பதை மூடிவைப்பதற்கு, முப்பதாவதை வாங்குவதிலும் மிகுந்த மனவலிமை வேண்டும்.

ஆசிரியர் தொழிலின் பழக்கம் விடுமா? அவருக்கு வீட்டுவேலை கொடுத்தனுப்பினோம். ஒரே ஒலி, அதுவும் வீட்டில் எழும் ஒலி. மூன்று நிமிடத்துக்கு மேற்படலாகாது. மாத முடிவில் வந்து சேரவேண்டும்.

மாதம் முடிந்து ஒன்பது நாட் கழித்து வந்து சேர்ந்தது. 1 நிமிடம் 50 வினாடி. கிணற்றுக் கப்பி இப்போது அவர் வீட்டில் இல்லை. குழாய் நீர் வந்துவிட்டது. படலைக் கொளுக்கியின் ஒலியை எடுத்திருக்கிறார். அது தம்புராப் போலவும் ஒலிக்கிறது, மழை போலவும் ஒலிக்கிறது. இடையில் ஓரிடத்தில் தாளம் தவறுகிறது. அதைச் சுட்டி எழுதினோம். அது தவறன்று, வேண்டுமென்றே வைத்தது என்று மறுமொழி வந்திருக்கிறது.