மதுப்பிணியும் தோழமையும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; நட்பின் இயல்பை ஆராய்தற்கோ ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். குடியில் வீழ்ந்தாரை மீட்பதற்கு இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

நெடுநாள் குடித்தவரை நோக்கி, "மனமிருந்தால் விட்டுவிடலாமே" என உலகோர் எளிதிற் கூறுவர். உண்மை அவ்வாறன்று. குடி ஒரு பிணி என்பதை அமெரிக்க மருத்துவ சங்கம் 1956-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. மதுவுக்குப் பழகிய உடல் அதனைத் திடீரென இழக்குங்கால் கை நடுங்கும், உறக்கம் கெடும், சிலர்க்கு வலிப்பும் சித்தக் கலக்கமும் தோன்றி உயிர்க்கே இடர் நேரும். ஆதலின் முதற்கண் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. சின்னாட்களில் உடல் தெளியும்; உள்ளத்து வேட்கையோ அங்ஙனம் தெளிவதில்லை. வீடு திரும்புவோர் பழைய தெருவையும் பழைய கூட்டாளிகளையுமே எதிர்கொள்கின்றனர். தோழமை வேண்டப்படுவது அப்பொழுதேயாம்.

இத்தோழமை பிறந்த வரலாறு வியத்தற்குரியது. பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத் தரகர், குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்த நிலையில், 1935-ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ரன் நகரில் தொழில் முயற்சி தோல்வியுற மனமுடைந்தார். அவர் தங்கிய விடுதியிலேயே மதுச்சாலையும் இருந்தது. தம்மைக் காத்துக்கொள்ள அவர் நாடியது தம்மைப்போல் இடருற்ற மற்றொருவரையே. அவ்வாறு கிட்டியவர் அறுவை மருத்துவராகிய பாப் ஸ்மித். அவர் குடியைக் கைவிட்ட ஜூன் 10-ஆம் நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை தன் பிறந்த நாளாகக் கொள்கின்றது. பிறர்க்கு உதவுவோர் தம்மையும் காக்கின்றனர் என்பதே அதன் அடிப்படை.

சென்னையில் இத்துறையில் ஒரு பெரும்பணிக்கு வித்திட்டது ஒரு குடும்பத்தின் துயரம். டி.டி.கே. தொழிற்குடும்பத்தைச் சார்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் இளமையிலேயே மறைந்தார். துணைவியார் சாந்தி ரங்கநாதன் துயரில் ஆழ்ந்து ஒடுங்கினாரல்லர். அமெரிக்கா சென்று பயின்று, 1980-இல் கணவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அதன் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் உள்ளது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. நோயுற்றவரோடு குடும்பத்தாரையும் அழைத்து அறிவுறுத்துதல் அங்குள்ள வழக்கம். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம்கள் நடத்தி, ஊராரையும் அந்நிலையம் துணைவராக்கிற்று.

மருத்துவமனைக்கு வெளியே முன்கூறிய தோழமையின் கூட்டங்கள் நம் நகரிலும் நடைபெறுகின்றன. அங்குக் கட்டணமில்லை, முழுப்பெயர் கூறவேண்டுவதில்லை, குடியை விட விழைதலே சேர்தற்குரிய தகுதி. "வாழ்நாள் முழுதும் குடியேன்" என்னும் பெருஞ்சபதத்தினும் "இன்று ஒரு நாள் குடியேன்" என்னும் சிறு உறுதியே அவர்தம் வழி. மீண்டும் வழுக்கியவர்க்கும் கதவு அடைபடாது. குடும்பத்தார்க்கென 'அல்-அனான்' என்னும் தோழமை 1951-இல் தோன்றியது.

மாணவ நண்பர்காள்! நம் தெருவிலோ, விடுதியிலோ, ஒருகால் நம் இல்லத்திலோ குடியினின்று மீள முயல்வார் ஒருவர் இருத்தல் கூடும். அவரை இகழ்தலும், "ஒரு மிடறுதானே" என வற்புறுத்தலும் ஒருங்கே கொடியன. விருந்தில் அவர் வேண்டாவென மறுக்கும்போது வினா எழுப்பாது, அவரருகில் அமர்ந்து தேநீர் பருகுதல் நம்மால் இயலாததன்று. அச்சிறு செயலே ஒருவர்க்கு அன்றைய நாளைக் காத்துக் கொடுக்கும்.